ரமணிசந்திரனை வாசிக்கும் பெண்களிடம் நாம் என்ன பேசுகிறோம்?

வாசிப்பு வட்டத்திற்கான நூல் பட்டியலைத் தயாரிக்கும் கூட்டங்களில் ஒரு பெயரைச் சொன்னால் மட்டும் சிரிப்பு எழும். அந்தப் பெயர் ரமணிசந்திரன். கார்க்கியின் ‘தாய்’, தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ எனப் பட்டியல் நீளும்போது, பின் வரிசையிலிருந்து ஒரு பெண் தோழர் தயங்கித் தயங்கி அந்தப் பெயரைச் சொல்வார். ஆண் தோழர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அமைதியாகிவிடுவார். சயானிலும் தாராவியிலும் செம்பூரிலும் இது நடந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிளைகளில் நிலைமை வேறாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். உழைக்கும் பெண்கள் எதை வாசிக்கிறார்கள், ஏன் வாசிக்கிறார்கள் என்று கேளாமலேயே அவர்களை அணிதிரட்டிவிடலாம் என்னும் எண்ணம் அதற்குள் இருக்கிறது.

ரமணிசந்திரன் 1938 ஜூலை 10 அன்று பிறந்தவர். அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 178 எனக் கணக்கிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதியவர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு நான்கு நாவல் என்ற விகிதம் வரும். பெரும்பாலானவை வார, மாத இதழ்களில் வெளிவந்து, பின்னர் அருணோதயம் பதிப்பகத்தால் நூல்களாக வெளியிடப்பட்டவை. தமிழில் மிக அதிகமாக வாசிக்கப்படும் எழுத்தாளர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அவருக்கு ஒரு பத்தியைக்கூட ஒதுக்குவதில்லை. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ்ச் சந்தை எழுத்துகளைத் தொகுத்து, பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோருடன் இவரும் அதில் இடம்பெற்றார். தமிழ் அறிவுலகத்தில் சிலர் அவரைக் கவனிப்பதற்கு ஓர் ஆங்கில நூல் வரவேண்டியிருந்தது!

அவர் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். தமிழில் பெண்கள் எழுதிப் பெண்கள் வாசித்த நாவல்களுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஐந்து வயதில் மணமுடிக்கப்பட்டு, பள்ளிக்கூடம் செல்லாத வை.மு. கோதைநாயகி தமது முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கித் தாமே நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். 1932-இல் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அடுத்த தலைமுறையில் ‘லட்சுமி’ என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, போர்க்காலத்தில் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நின்றபோது ‘ஆனந்த விகட’னுக்குக் கதை எழுதி அந்தப் பணத்தில் படித்து மருத்துவரானார். 1984-இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். இவர்களுடைய கதைகளிலும் காதலும் திருமணமும் மாமியார் வீடும்தாம் களம். ஆனால், எழுத்து ஒரு பெண்ணுக்குச் சொந்த வருமானத்தையும் சொந்தப் பெயரையும் தரமுடியும் என்பதை அவர்களின் வாழ்க்கையே காட்டிற்று. கோதைநாயகியின் சிறைவாசத்தைப் பாராட்டும் நாம், அவருடைய நாவல்களை வாசித்த பெண்களைப் பற்றி யோசித்ததில்லை.

ரமணிசந்திரன் எழுதத் தொடங்கிய காலத்தில் சந்தை வேறு உருவம் எடுத்திருந்தது. 1969-இல் ‘ராணி முத்து’ தொடங்கியதிலிருந்து மாதம் ஒரு முழு நாவல் என்னும் வடிவம் பேருந்து நிலையப் பெட்டிக்கடை வரை சென்றது. ‘மாலைமதி’யும் பிறவும் பின்தொடர்ந்தன. நூலகத்துக்குள் நுழையக் கூச்சப்பட்ட பெண்ணுக்கு வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கும் கடையிலேயே நாவல் கிடைத்தது. விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் காசு. ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் வாசிப்பார்கள். தெருவுக்குத் தெரு இருந்த வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, கோணிநூலால் தைக்கப்பட்டு, ஓரம் கறுத்துப் போன பிரதிகள் இவருடையவையாகவே இருக்கும்.

முதலாளித்துவம் இலக்கியத்தைச் சரக்காக்கியது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். அது உண்மையும்கூட. தொடர்கதைக்கு வாரந்தோறும் பக்கம் நிரப்ப வேண்டும். வாசகி அடுத்த வாரமும் இதழை வாங்க வேண்டும். எனவே கதாநாயகியின் கண்ணீர் ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு ஒரு வரி முன்பாக வந்துவிட வேண்டும். எழுதுபவரின் உழைப்பும் ஆலை உழைப்பைப் போலவே அளந்து வாங்கப்படுகிறது. ஆனால், சரக்குக்கும் ஒரு பயன்மதிப்பு உண்டு என்பதை மார்க்சிடம் கற்றவர்கள் நாம். யாருக்கும் பயன்படாத பொருள் விலை போகாது. இந்த நாவல்களின் பயன் என்ன என்று கேட்பது பொருளாதாரத்தின் பாலபாடம்.

கதையமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. பெற்றோரை இழந்தவளோ, வறுமைப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளோ ஆகிய ஒரு பெண். அவளிடம் சுயமரியாதையைத் தவிர வேறு சொத்தில்லை. தோட்டமும் மோட்டார் வண்டியும் ஆலையும் உடைய ஓர் ஆண். இருவரும் மோதுகிறார்கள். அவன் அவளைத் தவறாகப் புரிந்துகொள்கிறான், கடுஞ்சொல் பேசுகிறான், சந்தேகப்படுகிறான். ஏதோ ஒரு கட்டாயத்தின் பேரில் திருமணமும் நடந்துவிடுகிறது. ஒரே வீட்டில் விலகி வாழ்கிறார்கள். பொறாமைக்காரி ஒருத்தி வந்து கலகம் செய்கிறாள். இறுதியில் அவன் தன் தவற்றை உணர்ந்து அவள்முன் மனம் திறக்கிறான். ‘வளை ஓசை’யாயினும் ‘மயங்குகிறாள் ஒரு மாது’வாயினும், முடிவு என்னவென்று தெரிந்தேதான் வாசகி முதல் பக்கத்தைத் திறக்கிறாள். படுக்கையறைக் காட்சிகளை விரித்து எழுதாதவர் என்பதால் தாய் வாசித்த புத்தகத்தை மகளுக்குக் கொடுக்க முடிந்தது. அவருடைய விற்பனையின் இரகசியங்களில் அதுவும் ஒன்று.

இதில் பிற்போக்குக் கூறுகளைப் பட்டியலிடுவது எளிது. செல்வந்தனின் சொத்து எங்கிருந்து வந்தது என்று கதை கேட்பதில்லை. அவனுடைய ஆலையில் வேலைநிறுத்தம் வந்தால், அது கதாநாயகியின் நல்ல மனத்தால் தீர்ந்துவிடும். ஆணின் அதட்டல் அன்பின் மறுவடிவம் என்று விளக்கப்படுகிறது; குடும்ப வன்முறைக்கு எதிராக அன்றாடம் போராடும் மாதர் அமைப்புத் தோழர்களுக்கு இது எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. பெண்ணின் பொறுமைக்குப் பரிசாக வீடு கிடைக்கிறது. நிலப்பிரபுத்துவக் குடும்ப ஒழுக்கமும் முதலாளித்துவச் சொத்தும் தாலியில் கைகோக்கின்றன.

இவ்வளவும் சரி. இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நாம் எங்கெல்ஸை வாசிக்கவில்லை என்று பொருள்.

1884-இல் எழுதிய ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலில், முதலாளித்துவத் திருமண முறைகளை விளக்கும் எங்கெல்ஸ் நாவல்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். பெற்றோர் பெண் பார்த்து முடிக்கும் கத்தோலிக்க நாடுகளின் திருமணத்துக்குப் பிரெஞ்சு நாவலும், ஓரளவு விருப்பத்துக்கு இடமளிக்கும் புராட்டஸ்டண்ட் நாடுகளின் திருமணத்துக்கு ஜெர்மன் நாவலும் சிறந்த கண்ணாடி என்கிறார். இரண்டையும் கேலி செய்கிறார். ஆனால் வாசித்துவிட்டுத்தான் கேலி செய்கிறார். அதற்கு நாற்பதாண்டு முன்பே, 1845-இல் வெளிவந்த ‘புனிதக் குடும்ப’த்தில், எழேன் சூ என்ற பிரெஞ்சுத் தொடர்கதை எழுத்தாளரின் ‘பாரிஸ் மர்மங்கள்’ நாவலை மார்க்ஸ் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். வாழ்க்கைத் துடிப்புடன் அறிமுகமாகும் ஏழைப் பெண் ஒருத்தியை, சீர்திருத்தம் என்ற பெயரில் நாவலாசிரியர் எப்படிப் பாவ உணர்ச்சி மிக்க கன்னியாஸ்திரியாக மாற்றிக் கொன்றுவிடுகிறார் என்று சுட்டினார். அன்றைய பாரிஸின் ‘ராணி முத்து’ அது! மார்க்ஸ் அதைத் தம் தகுதிக்குக் குறைந்த வேலையாகக் கருதவில்லை.

பாசிசச் சிறையிலிருந்த கிராம்சி இன்னும் ஒரு படி சென்றார். இத்தாலிய மக்கள் தம் நாட்டு எழுத்தாளர்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சுத் தொடர்கதைகளை ஏன் விரும்பிப் படிக்கிறார்கள் என்று கேட்டார். குற்றவாளிகள் மக்கள் அல்லர். மக்களின் உணர்ச்சிகளைத் தம்முடையதாக உணராத அறிவாளிகளே என்பது அவர் விடை. தொடர்கதை என்பது விழித்துக்கொண்டே காணும் கனவு என்று அவர் கருதினார். கனவு காண்பவரை ஏசுவதால் பயனில்லை. எந்த வாழ்க்கை அந்தக் கனவைத் தோற்றுவிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த வாழ்க்கையைப் பார்க்கத் தாராவிப் பக்கம் வருவோம்.

அறுபதடிச் சாலைக்கும் தொண்ணூறடிச் சாலைக்கும் நடுவிலுள்ள சந்துகளில் வாழும் தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோரின் வேர் நெல்லைச் சீமையில் இருக்கிறது. பலர் திருமணமாகி வந்தவர்கள். முகம் சரியாகத் தெரியாத ஒருவரோடு தொடர்வண்டியில் ஏறி, மொழி தெரியாத ஊரில், பத்துக்குப் பத்து அறையில் மாமனார், மாமியார், கொழுந்தனார் நடுவே வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். விடியுமுன் தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்தால் குடம் நிரப்பி, பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பின்னர் மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கப் போகிறார்கள். வேறு சிலர் வீட்டிலேயே இட்லிக்கு மாவரைக்கிறார்கள், முறுக்குப் பிழிகிறார்கள். தலையில் அலுமினியப் பாத்திரத்துடன் மும்பைத் தெருக்களில் இட்லி விற்கும் ஆணை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நள்ளிரவில் அந்த மாவை ஆட்டியவரை யாரும் பார்ப்பதில்லை.

இவர்களுக்குத் தனியறை என்பது கிடையாது. கணவன் மனைவி தனித்துப் பேசிக்கொள்ளவும் இடமில்லை. தனிமை என்பது பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே, பிள்ளைகள் பள்ளியிலும் ஆண்கள் வேலையிலும் இருக்கும்போது, வாசற்படியில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்காரும் அந்த நேரம்தான். அப்போது மடியில் இருப்பது, நாகர்கோவில் வண்டியில் ஊர் போய்த் திரும்பிய யாரோ ஒருவர் கொண்டுவந்த நாவல். சந்தில் பத்து வீடு சுற்றி வந்தது. இப்போது இளையவர்கள் கைப்பேசியில் வாசிக்கிறார்கள். ரமணிசந்திரனை வாசித்து வளர்ந்த பெண்கள் பலர் தாமே இணையத்தில் தொடர்கதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். கருவி மாறினாலும் நேரம் மாறவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு சிறு நகரத்தில் காதல் நாவல் வாசிக்கும் இல்லத்தரசிகளிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஈடாக, புத்தகத்தைக் கையில் எடுக்கும் செயலே அப்பெண்களுக்கு முக்கியம். ‘இப்போது என்னை யாரும் கூப்பிடாதீர்கள்’ என்று வீட்டாருக்குச் சொல்லும் வழி அது. பிறருக்காகவே உழைக்கும் பெண், சற்று நேரம் தனக்காக எடுத்துக்கொள்கிறாள். அந்த அளவில் அது ஓர் எதிர்ப்பு. ஆனால் கதை முடியும்போது அவளை அதே அடுப்பங்கரைக்குச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்த முரண்பாட்டை ராட்வே மறைக்கவில்லை. நாமும் மறைக்கத் தேவையில்லை.

இந்தப் பெண்களிடம் கதையில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். மாளிகையும் காரும் என்று யாரும் சொல்லவில்லை. ‘அவன் வந்து மன்னிப்புக் கேட்பான்ல, அந்த எடம்’ என்றார் சயான் கோலிவாடாவில் வீட்டுவேலை செய்யும் ஒருவர். ஆண் ஒருவன் ஒரு பெண்ணிடம், தான் செய்தது தவறு என்று முழு வாக்கியத்தில் சொல்லும் காட்சியை அவர் தம் வாழ்க்கையில் கண்டதில்லை. அதற்காகவே 200 பக்கத்தை வாசிக்கிறார். இது பிற்போக்கான ஆசையா? குடும்பத்துக்குள் ஜனநாயகம் வேண்டும் என்று நம் மாநாட்டுத் தீர்மானங்களில் நாம் எழுதுவதும் இதைத்தானே? கேள்வி ஒன்றே. அவருடைய நாவல் அதற்கு ஒரு பொய்யான விடையைத் தருகிறது. நாம் பல நேரங்களில் எந்த விடையும் தருவதில்லை.

ரமணிசந்திரன் மீது எனக்குள்ள பெரிய விமர்சனம் செல்வந்தக் கதாநாயகனைப் பற்றியதன்று. நான் வாசித்த அளவில் அவர் கதைகளில் காதலர்களைப் பிரிப்பது கர்வம், தவறான புரிதல், பணம், சூழ்ச்சிக்கார உறவினர் ஆகியவையே. சாதி இல்லை. கதைமாந்தருக்குச் சாதியே கிடையாது. அல்லது எல்லோருக்கும் ஒரே சாதி. தமிழ்ச் சமூகத்தில் இதைவிடப் பெரிய கற்பனை உண்டா? 2011-12-இல் எடுக்கப்பட்ட இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பில், நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே சாதி மறுத்து மணந்தவர்கள் என்று தெரிய வந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுச்சாலையில், காதலித்து மணந்த ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே காணொளியில் பார்த்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளரான மற்றொரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். தாராவியின் நெல்லைத் தமிழர்களுக்கு அது தொலைதூரச் செய்தியன்று. பக்கத்து ஊர்ச் செய்தி. ஊரில் பிரிந்து கிடந்த தெருக்கள் மும்பையிலும் சாதிச் சங்கங்களாகவும் தனித்தனிக் கோயில் கொடைகளாகவும் பிரிந்தே கிடக்கின்றன. பிள்ளைகள் மட்டும் ஒரே மாநகராட்சிப் பள்ளியில், ஒரே தொடர்வண்டிப் பெட்டியில் பழகுகிறார்கள், விரும்புகிறார்கள்.

அத்தகைய வீட்டில் ஒரு தாய் ரமணிசந்திரனை நாற்பது ஆண்டுகளாக வாசித்து, காதலர்கள் சேரும் இடத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கண் கலங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் வேறு சாதிப் பையனை விரும்புவதாகச் சொல்லும் நாளில் அந்தக் கண்ணீருக்கு ஏதாவது பயன் உண்டா? நாவல் அவருக்கு அந்தச் சூழலுக்கான ஒரு சொல்லைக்கூடக் கற்றுத்தரவில்லை. ஆனால் காதலிப்பது குற்றமன்று, விருப்பமில்லாத திருமணம் துயரம் என்னும் உணர்வை அவரிடம் வளர்த்திருக்கிறது. ஆணவப் படுகொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் வேண்டும் என்று கோரி வருகிறோம். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் காதலர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவுகள் அமைக்கச் சொன்னதை மேடைதோறும் பேசுகிறோம். அந்தத் தாயின் உணர்வுடன் இந்தக் கோரிக்கையை இணைப்பதற்கு நாம் எந்த வாசலைப் பயன்படுத்தப் போகிறோம்? சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லித் தொடங்குவதைவிட, ‘நீங்கள் வாசித்த கதையில் அவர்கள் சேர வேண்டும் என்று விரும்பினீர்களே, அம்மா’ என்று தொடங்குவது நல்லது.

மக்கள் விரும்பும் கதைக்கும் இடதுசாரி எழுத்துக்கும் பகை என்பது மும்பையில் இருந்துகொண்டு சொல்லக் கூடாத ஒன்று. இந்த நகரத்தில்தான் அண்ணாபாவு சாட்டே வாழ்ந்தார். 1920-இல் சாங்லி மாவட்டத்து வாட்டேகாவ் கிராமத்தில் மாங் சாதியில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஓரிரு நாளுக்கு மேல் இருக்க முடியாமல், தந்தையுடன் கால்நடையாக மும்பை வந்து, ஆலைத் தொழிலாளியானவர். கம்யூனிஸ்டு. 1944-இல் அமர் சேக், கவாண்கர் ஆகியோருடன் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவைத் தொடங்கியவர். காட்கோபர் சிராக் நகர் குடிசையில் இருந்துகொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவருடைய ‘ஃபக்கிரா’வை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தமாஷா கலைஞரான ஒரு பெண்ணை மையமாக்கிய ‘வைஜயந்தா’வும் அவருடையதே; 1961-இல் திரைப்படமானது. காதலும் வீரமும் திருப்பங்களும் நிறைந்த, சாதாரண மராத்தி மக்கள் விரும்பிப் படித்த கதைகள் அவை. உயர்சாதி விமர்சகர்கள் நெடுங்காலம் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். தமிழில் செல்வராஜும் சின்னப்ப பாரதியும் ராஜம் கிருஷ்ணனும் மகத்தான நாவல்களைத் தந்திருக்கிறார்கள். எனினும், பிற்பகல் இரண்டு மணிக்கு வாசற்படியில் உட்காரும் பெண்ணின் மடிக்கு அவை எத்தனை முறை சென்றன? அவற்றை அச்சிட்டுக் கட்சி மாநாட்டுப் புத்தகக் கடையில் அடுக்கினோம். பெட்டிக்கடைக்குக் கொண்டுசெல்லவில்லை. குறை எழுத்தாளர்களுடையதன்று.

சோவியத் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான கொல்லந்தாய் 1923-இல், உள்நாட்டுப் போர் முடிந்த சூட்டோடு, காதலைப் பற்றிக் கட்டுரையும் கதைகளும் எழுதினார். உழைக்கும் பெண்ணின் காதலும் ஏமாற்றமும் கட்சி வேலையும் ஒன்றோடொன்று மோதும் கதைகள் அவை. இந்த நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று அப்போதும் கேட்டவர்கள் இருந்தார்கள்.

இப்போது தாராவியில் எல்லோரும் பேசுவது வீட்டைப் பற்றித்தான். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. 80 விழுக்காடு பங்கு அக்குழுமத்துக்கு, 20 விழுக்காடு மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதை ஆவணத்தால் மெய்ப்பிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடிவாசிகளும் பின்னர் வந்தவர்களும் வேறு இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது திட்டம். இதற்கெதிரான போராட்டத்தில் நாம் இருக்கிறோம். ஆனால் இந்தத் திட்டத்தைப் பெண்ணின் கண்ணிலிருந்து பார்த்திருக்கிறோமா?

ரமணிசந்திரன் கதைகளில் திருமணம் என்பது ஒரு பெண் வீட்டுக்குள் நுழையும் ஒரே வழி. கதாநாயகி எவ்வளவு படித்தவளானாலும், எவ்வளவு ரோசக்காரியானாலும், கூரை என்பது அவனுடையது. தாராவியிலும் அதுதான் உண்மை. மின்கட்டணச் சீட்டு கணவர் பெயரில். குடும்ப அட்டை கணவர் அல்லது மாமனார் பெயரில். மகாராஷ்டிரத்தின் குடிசைப்பகுதி மறுவாழ்வு விதிகள், குடியிருப்போருடன் செய்யும் ஒப்பந்தம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆயினும் கணவர் கைவிட்டுப் போனவர், மணமாகாமல் பெற்றோரின் அறையில் தங்கிவிட்டவர், அடி தாங்காமல் பிறந்த வீட்டு மாடியறைக்குத் திரும்பியவர் ஆகியோர் யாருடைய துணை என்று எந்தக் கட்டத்தில் பதிவார்கள்? தகுதிப் பட்டியலில் இவர்கள் விடுபட்டால் கேட்க ஆளில்லை. கதாநாயகியின் வீட்டுக் கனவைக் கேலி செய்த நாம், இந்தப் பெண்களின் பெயரை விண்ணப்பத்தில் ஏற்றுவதற்கு என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காதல் நாவல் தன் வழியில் சொத்துரிமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அதை அரசியலாகப் பேச வேண்டியவர்கள் நாம்.

ஆகவே எனக்குத் தோன்றும் ஒரு யோசனையைச் சொல்கிறேன். கிளைகள் விவாதிக்கலாம். சயான்-தாராவிப் பகுதியில் பெண்களுக்கான வாசிப்பு வட்டத்தை ரமணிசந்திரனின் ஒரு நாவலிலிருந்தே தொடங்கலாம். நாவலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களுக்கு. ஆண் தோழர்கள் வந்தால் முழுவதும் வாசித்துவிட்டு வர வேண்டும். அட்டையைப் பார்த்துப் பேசக் கூடாது. அவன் ஏன் அவளைச் சந்தேகித்தான், அவள் ஏன் வெளியேறவில்லை, வெளியேறினால் எங்கே போயிருப்பாள் என்ற மூன்று கேள்விகளே இரண்டு கூட்டங்களுக்குப் போதும். மூன்றாம் கேள்வி வரும்போது தகுதிப் பட்டியலையும் கூட்டு ஒப்பந்த விதியையும் பேசலாம். அதற்கடுத்த நூலாக ‘கரிப்பு மணிக’ளைக் கொடுத்தால் அது வாசிக்கப்படும் என்றே நம்புகிறேன், தூத்துக்குடி உப்பளத்துப் பெண்கள் இவர்களுக்கு அந்நியர்கள் அல்லர்.

கூட்டத்தை எப்போது வைப்பது என்பதில்தான் சிக்கல். இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண்கள் வர முடியாது. பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தால் வரலாம். ஆனால் அவர்களுக்கென்று ஒரு நாளில் இருக்கும் ஒரே நேரத்தை நாம் கேட்கிறோம். அதை எடுத்துக்கொண்டு அறிக்கை வாசித்து அனுப்பினால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள், வராததும் நியாயமே. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வைத்து, அந்த நாள்களில் சமையலையும் பிள்ளைகளையும் கிளையிலுள்ள ஆண் தோழர்கள் தத்தம் வீட்டில் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் கூட்டம் நடக்கும். இதை அடுத்த பகுதிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு கேட்டிருக்கிறேன்.